விஷ வாயுவைச் சுவாசித்த விஞ்ஞானி

1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி மாலை. பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்துப் போர்முனையில், மஞ்சளும் பச்சையும் கலந்த புகை காற்றோடு மிதந்து வந்தது. ஜெர்மானியர் திறந்துவிட்ட குளோரின் வாயு அது! அதைச் சுவாசித்த சிப்பாய்களின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தண்ணீரில் மூழ்கியவர்களைப்போல், தரையிலேயே மூச்சுத் திணறி மாண்டார்கள்.

பிரிட்டிஷ் யுத்த மந்திரி கிச்சனர் பிரபு உடனே ஒருவரைப் பிரான்சுக்கு அனுப்பினார். அவர்தான் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860-ல் எடின்பரோவில் பிறந்த ஹால்டேன், வைத்தியம் படித்தவர். சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, கார்பன் மோனாக்சைடு வாயுவே என்று 1896-ல் நிரூபித்தார். அந்த விஷத்தைத் தாமே சுவாசித்துச் சோதித்தார். ரத்தத்தில் பாதிக்குமேல் விஷம் ஏறும் வரை நிறுத்தவில்லை! சுரங்கத்துக்குள் எலி, குருவி போன்ற சிற்றுயிர்களைக் கொண்டுபோகும்படி யோசனை சொன்னவரும் இவரே. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகள் மனிதரைக் காத்தன.

பிரான்சிலும் அதே துணிவுதான். விஷ வாயு நிரப்பிய அறைக்குள் தாமே நுழைந்தார். மகன் ஜே. பி. எஸ். ஹால்டேனும் உடன் நுழைந்தார்.

ஆனால், அந்த மே மாதமே ஹால்டேனின் அண்ணன், பிரபு ரிச்சர்டு ஹால்டேன், ஜெர்மானியருக்கு வேண்டியவர் என்ற பழியால் மந்திரி பதவியை இழந்தார். தம்பி நாட்டுக்காக விஷத்தைச் சுவாசிக்க, அண்ணனுக்குக் கிடைத்தது துரோகிப் பட்டம்!

ஹால்டேன் வேலையை விடவில்லை. புண்பட்ட நுரையீரலுக்குப் பிராணவாயுவே மருந்து. அதை ஏதோ கொஞ்சம் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது. முகமூடி வழியாக அளந்து, இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்று 1917-ல் எழுதினார். அளவு மிஞ்சினால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதற்கான கருவியையும் அமைத்தார்.

75 வயதிலும் ஓயவில்லை. பாரசீக எண்ணெய் ஆலைகளில் வெப்பத்தால் தொழிலாளர் மயங்கி விழுவதை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியவர், 1936 மார்ச்சில் ஆக்ஸ்போர்டில் காலமானார். மகனோ பின்னாளில் இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் கண்மூடினார்.

இன்று செயற்கைச் சுவாசக் கருவியில் நோயாளிக்குப் பிராணவாயுவின் அளவையும், காற்றின் அழுத்தத்தையும் டாக்டர்கள் கவனமாக அளந்தே வைக்கிறார்கள். குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. மூச்சுக்கும் அளவு உண்டு என்று காட்டிய ஹால்டேனை அந்தக் கருவிகள் நினைவூட்டுகின்றன.