பேர்சி மக்மகோன்

பேர்சி அலெக்சாண்டர் மக்மகோன் (செப்டம்பர் 26, 1854 – டிசம்பர் 25, 1929) பிரித்தானியக் கணிதவியலாளரும் பீரங்கிப்படை அதிகாரியும் ஆவார். பொருட்களை எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம், அடுக்கலாம் என்று ஆராயும் சேர்வியல் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். இவர் அமைத்த வண்ணச் சதுர, முக்கோணப் புதிர்கள் இன்றைய ஓடு பொருத்தும் விளையாட்டுகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன. படைப்பணியின் தொடக்கத்தில் இவர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனின் ஆய்வொன்றைச் சரிபார்க்க இவரது கணக்கீடு பயன்பட்டது.

வாழ்க்கை

மக்மகோன் மால்டாத் தீவின் சிலீமா நகரில் படைக் குடும்பமொன்றில் பிறந்தார். செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும் பின்னர் வூலிச்சில் உள்ள அரச படைக் கழகத்திலும் பயின்றார். 1873 மார்ச்சில் சென்னையில் பணியமர்த்தப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் இலக்னோவுக்கு மாற்றப்பட்டார். 1877 இல் வடமேற்கு எல்லையிலுள்ள கோகாட்டின் (இன்றைய பாகிஸ்தான்) மலைப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே நோயுற்று, அவ்வாண்டு இறுதியில் 18 மாத மருத்துவ விடுப்பில் சென்றார். இதுவே இவரது வாழ்வின் திருப்புமுனையாயிற்று. இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்து, 1882 இல் வூலிச்சில் கணிதப் பயிற்றுநரானார்.

1890 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1898 இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1900 இல் அரச பதக்கமும் 1919 இல் சில்வெஸ்டர் பதக்கமும் பெற்றார். சேர்வியல் பற்றிய இவரது பெருநூல் 1915, 1916 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

பிரிவினைகளும் இராமானுஜனும்

ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எழுதும் வழிகள் பிரிவினைகள் எனப்படும். எடுத்துக்காட்டாக, 4 என்ற எண்ணுக்கு 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து பிரிவினைகள் உள்ளன. எண் பெருகப் பெருக இவை மிக விரைவாகக் கூடுகின்றன.

1912 முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கு எழுத்தராகப் பணியாற்றிய இராமானுஜன், 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு ஹார்டியுடன் இணைந்து பிரிவினைகளின் எண்ணிக்கையைத் தரும் சூத்திரம் ஒன்றைக் கண்டார். அது சரியா என்று அறிய உண்மையான எண்ணிக்கை தேவைப்பட்டது. மக்மகோன், கணினி இல்லாத அக்காலத்தில், 200 வரையிலான எண்களின் பிரிவினைகளைக் கையால் கணக்கிட்டு அட்டவணைப்படுத்தினார். 200 இன் பிரிவினைகள் 3,972,999,029,388 ஆகும். சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டிக் கிடைத்த விடை இதனின்றும் 0.004 மட்டுமே வேறுபட்டது. அட்டவணை 1918 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றது.

வண்ணத் துண்டு விளையாட்டுகள்

மக்மகோனின் விளையாட்டுகளும் எண்ணுதலிலிருந்தே பிறந்தவை. 1892 இல் மேஜர் ஜோசலினுடன் சேர்ந்து புதுவகை விளையாட்டுக் கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1921 இல் இவ்விளையாட்டுகளைத் தனிநூலாக வெளியிட்டார்.

இவற்றுள் புகழ்பெற்றது 24 சதுரங்கள் கொண்ட புதிர் ஆகும். ஒரு சதுரம் மூலைவிட்டங்களால் நான்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வண்ணங்களுள் ஒன்று பூசப்படுகிறது. இவ்வாறு பூச 81 வழிகள் உண்டு. சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றெனக் கொண்டால் 24 சதுரங்களே கிடைக்கும். இவற்றை 4×6 செவ்வகமாக அடுக்க வேண்டும். தொடும் பக்கங்கள் ஒரே வண்ணமாகவும், வெளி எல்லை முழுவதும் ஒரே வண்ணமாகவும் இருத்தல் வேண்டும்.

விதி எளிது, தீர்வு எளிதன்று. ஒவ்வொரு வண்ணத்திலும் 32 பகுதிகள் உள்ளன. எல்லைக்கு 20 பகுதிகள் தேவை. ஆகவே எல்லை வண்ணத்தில் எஞ்சும் 12 பகுதிகளும் உள்ளே ஆறு இணைகளாகச் சேர்ந்தாக வேண்டும். ஒரு துண்டைத் தவறாக வைத்தாலும் அதன் விளைவு வேறொரு மூலையில் தெரியும். 1964 இல் கணினி கொண்டு 12,261 விடைகள் கண்டறியப்பட்டன.

நான்கு வண்ணங்கள் கொண்ட 24 முக்கோணங்கள், ஆறு வண்ணங்கள் கொண்ட 30 கனசதுரங்கள் ஆகியனவும் இவ்வாறே அமைந்தவை. ஒவ்வொரு தொகுப்பிலும் இயலக்கூடிய எல்லாத் துண்டுகளும் ஒருமுறை மட்டுமே வரும். மிகையும் இல்லை, குறையும் இல்லை என்பதே இவரது வடிவமைப்பின் சிறப்பு.

தாக்கம்

1961 இல் ஹாவோ வாங் அறிமுகப்படுத்திய வாங் ஓடுகள் இதே பக்கப் பொருத்த முறையைக் கொண்டவை. அவை தருக்கவியலிலும் கணினி வரைகலையிலும் பயன்படுகின்றன. 1991 இல் வெளிவந்த டெட்ராவெக்ஸ் கணினி விளையாட்டும் இம்முறையினதே. 2007 இல் வெளியான 256 துண்டுகள் கொண்ட எட்டர்னிட்டி 2 புதிருக்கு அறிவிக்கப்பட்ட 20 இலட்சம் டாலர் பரிசை, 2010 இறுதியில் கெடு முடியும் வரை எவரும் பெறவில்லை.