மூச்சின் கூடத்தைக் கண்டவர்

தாவரவியலிலும் விலங்கியலிலும் மால்பிஜி என்ற பெயரை நாம் அடிக்கடி காண்கிறோம். சிறுநீரகத்தின் நுண்பகுதி ஒன்றும், தோலின் ஓர் அடுக்கும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் யார்?

இத்தாலி நாட்டில் பொலோனா நகருக்கு அருகிலுள்ள கிரெவால்கோரே என்னும் ஊரில் 1628-ஆம் ஆண்டு மார்செல்லோ மால்பிஜி பிறந்தார். மாணவப் பருவத்திலேயே தாயும் தந்தையும் காலமாயினர். மூத்த மகனாகிய அவர் படிப்பைச் சில காலம் நிறுத்திவிட்டு, தம்பி தங்கையரையும் குடும்பப் பொறுப்பையும் கவனித்தார். ஆயினும் மனம் தளராமல் மீண்டும் பயின்று, 1653-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவர் பிறந்த அதே 1628-இல்தான் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயம் செலுத்தும் இரத்தம் தமனிகள் வழியே சென்று சிரைகள் வழியே திரும்புகிறது என்று நூல் எழுதி வெளியிட்டார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே செல்கிறது? அவ்வழியைக் கண்ணால் காணாமலேயே ஹார்வி 1657-இல் மறைந்தார்.

அக்காலத்தில் நுரையீரலை வெறும் சதைப்பிண்டம் என்றே பலர் எண்ணினர். மால்பிஜி நுண்ணோக்கியை எடுத்தார். நுரையீரல் சதையன்று, தேனடைபோல் மெல்லிய சவ்வாலான எண்ணற்ற காற்றறைகளின் தொகுதி என்று கண்டார். பின்பு தவளையின் நுரையீரலை ஆராய்ந்தபோது, தமனியையும் சிரையையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய தந்துகிகள் புலப்பட்டன. ஹார்வி தேடிய வழி கிடைத்துவிட்டது! 1661-இல் தம் நண்பர் பொரெல்லிக்கு எழுதிய இரு கடிதங்களில் இவற்றை விளக்கினார்.

இன்று நாம் இன்னும் விரிவாக அறிவோம். குரல்வளைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுள் நுழைகிறது. வலது நுரையீரலுக்கு 3 மடல்கள். இதயத்திற்கு இடம் விடும் இடது நுரையீரலுக்கு 2 மடல்கள். தலைகீழாய் நிற்கும் மரம்போல் குழல்கள் ஏறத்தாழ 23 முறை கிளைத்து, பல கோடி காற்றறைகளில் முடிகின்றன. அவற்றின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது.

இத்தகைய உண்மையைக் கண்டவருக்கு மாலைகளா விழுந்தன? இல்லை. பண்டைய நூல்களே போதும் என்றிருந்த உடன் ஆசிரியர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். 1684-இல் வீட்டில் பற்றிய தீ அவருடைய நுண்ணோக்கிகளையும் கையெழுத்துப் படிகளையும் அழித்தது. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. இலண்டன் ராயல் கழகம் 1669-இலேயே அவரை உறுப்பினராக ஏற்று, அவருடைய நூல்களை வெளியிட்டு வந்தது. 1691-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னசென்ட் அவரைத் தம் மருத்துவராக ரோமுக்கு அழைத்தார். அங்கேயே 1694-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

எளிய தவளையின் உடலிலும் படைத்தவரின் கைவண்ணத்தைப் பொறுமையுடன் நோக்கியவர் மால்பிஜி. தோழியரே, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின்முன் குனியும்போது, பிறர் சொன்னதை அப்படியே எழுதாமல், நாம் கண்டதை உள்ளபடி எழுதுவோம். அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.