மணிக்கட்டில் நாடியை வரைந்தவர்: எட்டியென் ஜூல் மாரே

நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரங்களை இதய நோயாளிகள் பலர் இன்று அணிகின்றனர். நடக்கும்போதும் கையை அசைக்கும்போதும் அவை தவறான எண்ணைக் காட்டக்கூடும். இச்சிக்கலைப் புரிந்துகொள்ள, பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் ஜூல் மாரேயின் வாழ்க்கை உதவும்.

இளமையும் கல்வியும்

மாரே 1830ஆம் ஆண்டு பிரான்சின் போன் நகரில் பிறந்தார். 1849இல் பாரிசுக்கு வந்து மருத்துவம் பயின்றார். நாடியை விரலால் தொட்டு உணர்வது மருத்துவரின் அனுபவத்தைப் பொறுத்தது. அவ்வுணர்வை மற்றொருவருக்குக் காட்ட இயலாது. ஆகவே, உடலின் இயக்கங்கள் தம்மைத் தாமே கோடுகளாகப் பதிவு செய்துகொள்ளும் கருவிகளை உருவாக்க அவர் முனைந்தார்.

நாடிவரைவி

நாடியை வரையும் கருவியை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஃபியரோர்ட் 1850களில் அமைத்திருந்தார். அது எடைகளால் இயங்கியதால் பெரிதாக இருந்தது. 1860இல் மாரே, எடைகளுக்குப் பதிலாக வில்லைப் பயன்படுத்தி, முன்கையில் கட்டத்தக்க சிறிய நாடிவரைவியை உருவாக்கினார். வில்லின் நுனி மணிக்கட்டுத் தமனியின் மீது அழுந்தியிருக்கும். தமனியின் சிறு எழுச்சியை நெம்புகோல் பெரிதாக்கி, நகரும் பரப்பின் மீது அலைக்கோடாக வரையும். கருவி சற்று நழுவினாலும் கை அசைந்தாலும் கோடு சிதையும். எனவே, நோயாளி கையை அசைக்காமல் தாங்கி வைத்திருக்க வேண்டியிருந்தது.

அசைவைப் பதிவு செய்தல்

1869இல் மாரே பாரிசின் கொலேஜ் து பிரான்சில் பேராசிரியரானார். பின்னர் நடையும் ஓட்டமும் பறத்தலும் அவருடைய முதன்மை ஆய்வுப்பொருள்களாயின. காற்றறை பொருத்திய காலணிகளை மனிதர்களுக்கு அணிவித்து, ஒவ்வோர் அடியையும், நடப்பவர் கையில் ஏந்திச் சென்ற கருவியில் பதிவு செய்தார். 1882இல், ஒரு நொடியில் 12 படங்கள் எடுக்கும் துப்பாக்கி வடிவப் புகைப்படக் கருவியை உருவாக்கினார். 1904இல் பாரிசில் காலமானார்.

இன்றைய கடிகாரம்

மாரே தனித்தனியே பதிவு செய்த நாடியும் அசைவும் இன்று ஒரே கடிகாரத்தில் இணைந்துள்ளன. கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலில் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்த அளவு மாறுவதால் திரும்பும் ஒளியும் மாறுகிறது. கை அசையும்போதும் இவ்வொளி மாறும். ஆகவே, முடுக்கமானி என்னும் உணரி அசைவைத் தனியே அளக்கிறது. அந்த அசைவுக்கு ஒத்த பகுதியை ஒளிப்பதிவிலிருந்து கணினி நிரல் நீக்குகிறது. ஆயினும், நடையின் வேகமும் துடிப்பின் வேகமும் நெருங்கியிருந்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். நிமிடத்திற்கு 110 அடி வைத்து நடப்பவருக்கு, அந்த 110ஐயே கடிகாரம் நாடித்துடிப்பாகக் காட்டக்கூடும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிற்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாதவாறும் இறுக்காமலும் அணிய வேண்டும்.

• எண்ணில் ஐயம் எழுந்தால், 5 நிமிடம் அமர்ந்து, கையை மேசைமீது வைத்து மீண்டும் பார்க்க வேண்டும்.

• கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, முழுமையாக 1 நிமிடம் நாடியை எண்ணி ஒப்பிட வேண்டும்.

• அமர்ந்த பின்னரும் துடிப்பு மிகுதியாகவோ குறைவாகவோ ஒழுங்கற்றோ இருந்தால், அசைவே காரணம் எனக் கருதிவிடலாகாது. மருத்துவரை அணுகி இ.சி.ஜி. பரிசோதனை குறித்துக் கேட்க வேண்டும்.

• கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பி மாத்திரையின் அளவை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை ஏற்பட்டால், கடிகாரம் இயல்பான எண்ணைக் காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.