கும்பெனியை 12 ஆண்டு திணறடித்த பூலித்தேவன்

வங்காளத்தைப் பிடித்தார்கள். புதுச்சேரியைப் பிடித்தார்கள். டில்லி பாதுஷாவையே தங்களிடம் பணம் வாங்கிச் சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கும்பெனியார் அப்படிப்பட்டவர்கள். கப்பல் பலம், பீரங்கி பலம், பண பலம் மூன்றும் அவர்களிடம் இருந்தன.

அந்தக் கும்பெனிப் படை திருநெல்வேலிச் சீமையில் ஒரு மண்கோட்டையின் முன்னால் வந்து நின்றது. உள்ளே போக முடியவில்லை. திரும்பிப் போயிற்று. ஒரு தடவை அல்ல, பல தடவை!

அந்தக் கோட்டைக்கு உடையவர் பூலித்தேவன்.

மலையடிப் பாளையம்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடியில் இருக்கிறது நெற்கட்டும்செவல். இன்று அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பாளையத்தை ஆண்ட சித்திரபுத்திரத் தேவருக்கும் சிவஞான நாச்சியாருக்கும் மகனாகப் பூலித்தேவன் பிறந்தார். 1715-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதியை அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். இளம் வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார்.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கப்பமாக நெல் கட்டிய காலத்தில் அது நெற்கட்டும்செவல். கட்ட மறுத்த பிறகு நெற்கட்டான்செவல்! ஊரார் சொல்லும் கதை இது. சண்டைக்குக் காரணமும் அதுதான்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி, கும்பெனியாரிடம் கடன் பட்டிருந்தார். அவர் பட்டத்துக்கு வரக் கும்பெனியார் சண்டை போட்டார்கள் அல்லவா? அந்தச் சண்டைச் செலவு முழுவதும் அவர் தலையில் ஏறியது. கடனை அடைக்க வழி? மதுரையிலும் திருநெல்வேலியிலும் வரி வசூலிப்பது என்று முடிவாயிற்று. நவாப் பட்ட கடனுக்கு நெல்லைச் சீமைக் குடியானவன் நெல் அளக்க வேண்டும். இதுதான் கணக்கு!

கர்னல் வந்தான்

1755-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கர்னல் ஹெரான் என்பவன் திருச்சியிலிருந்து புறப்பட்டான். வெள்ளைச் சிப்பாய்கள் 500 பேர். நாட்டுச் சிப்பாய்கள் 2,000 பேர். கூடவே நவாப்பின் அண்ணன் மாபூஸ்கான்.

மதுரை எளிதாகக் கிடைத்தது. பக்கத்தில் கோவில்குடிக் கோவிலில் புகுந்து, சாமி சிலைகளை எடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். பிறகு திருநெல்வேலியும் கிடைத்தது. இரண்டு சீமைகளையும் வருஷத்துக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்கே ஹெரான் குத்தகைக்கு விட்டான்.

கிழக்கே பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தில் கொஞ்சம் பணமும், மீதிப் பணத்துக்காக ஆள் பிணையும் கிடைத்தன. தெற்கே ஒரு சிறு கோட்டையில் நடந்ததோ கொடுமையிலும் கொடுமை. உள்ளே இருந்த 400 பேரில் உயிர் தப்பியவர்கள் 6 பேர்தான். பெண்களும் குழந்தைகளும் கூட வெட்டுப்பட்டார்கள். இதைப் பார்த்து மற்றப் பாளையக்காரர்கள் பயந்து கப்பம் கட்டுவார்கள் என்று கும்பெனிப் படை நினைத்தது.

பூலித்தேவன் பயப்படவில்லை. கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்தான். அவனிடம் சிறிய பீரங்கிகள்தான் இருந்தன. சிப்பாய்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் குறைந்துகொண்டே வந்தது. சம்பளப் பாக்கி வேறு. கேட்ட தொகையைக் குறைத்தான். கடைசியில் 20,000 ரூபாய் கொடுத்தால் போதும், போய்விடுகிறேன் என்று ஆள் அனுப்பினான். ஒரு காசு கூடக் கிடையாது என்று பதில் வந்தது. கர்னல் வெறுங்கையோடு திரும்பினான்.

வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவனை மடக்கினார்கள். கோவில்குடிச் சிலைகளை மீட்டுக்கொண்டார்கள். சென்னைக்குப் போனதும் ராணுவ நீதிமன்றம் ஹெரானை விசாரித்தது. அவன் வேலையே போய்விட்டது!

களக்காட்டில் நட்பு

பூலித்தேவன் வெறும் கோபக்காரர் அல்ல, கணக்குத் தெரிந்தவர். தனியாக நின்றால் தோற்போம் என்று அறிந்தவர். மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர் ராஜாவிடமும் நட்புக் கொண்டார்.

கூடங்குளத்திலிருந்து வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள், மேற்கே மலையைப் பார்த்திருப்பார்கள். அந்த மலையடியில்தான் களக்காடு இருக்கிறது. அந்தப் பகுதி எனக்கே சொந்தம் என்று நவாப்பும் சொன்னார், திருவிதாங்கூரும் சொன்னது. அந்தப் பகையைப் பூலித்தேவன் பயன்படுத்திக்கொண்டார். திருவிதாங்கூர்ப் படையும் அவர் படையும் சேர்ந்து நவாப்பின் ஆட்களைக் களக்காட்டிலிருந்து விரட்டின. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையும் அவர் கைக்கு வந்தது.

ஆனால் 1756-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடந்த பெரிய சண்டையில் பூலித்தேவன் பின்வாங்க நேர்ந்தது. அவருடைய நண்பர் முடேமியா அங்கே வெட்டுண்டு இறந்தார். கிழக்குப் பாளையங்களான பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அவர் பக்கம் சேரவில்லை. அவர் கடைசி வரை அடைக்க முடியாமல் போன ஓட்டை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பூலித்தேவனைப் பிடிக்க வந்த மாபூஸ்கானே, தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு 1757-ல் பூலித்தேவன் பக்கம் வந்து சேர்ந்தார்!

மண்ணும் பனை ஓலையும்

பீரங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு மண்கோட்டை ஏன் கடினமாக இருந்தது? கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும். சுவர் சரியும். தடித்த மண் சுவரில் குண்டு புதைந்துபோகும். ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் வைக்கோலும் பனை ஓலையும் மண்ணும் போட்டு உடனே அடைத்துவிடுவார்கள். வெளியே முள்வேலி. சுற்றிலும் காடு. முற்றுகை போட்டவனுக்கு முன்னால் கோட்டை, முதுகுக்குப் பின்னால் வேல்கம்பு.

கும்பெனியார் யூசுப்கானை அனுப்பினார்கள். மருதநாயகம், கான்சாகிப் என்று சொல்கிறோமே, அவர்தான். மகா கெட்டிக்காரர். 1759-ல் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூருக்கு விட்டுக்கொடுத்து, அந்த ராஜாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பூலித்தேவனுக்கு இருந்த பெரிய துணை போயிற்று.

அப்படியும் கோட்டை விழவில்லை. அந்த வருஷக் கடைசியில் யூசுப்கான் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். அவருடைய பெரிய பீரங்கி வெடித்துப்போயிற்று. உள்ளே இருந்தவர்கள் ஒரு பக்கம் சண்டை போட, பூலித்தேவன் நெற்கட்டும்செவலிலிருந்து ஆட்களோடு வந்து மறுபக்கம் பாய்ந்தார். யூசுப்கான் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி ஆகிய தளபதிகளின் கதைகளை இன்றும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சொல்வார்கள். வயிற்றில் வெட்டுப்பட்ட காலாடி, துணியால் வயிற்றைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டாராம். தேவர் குலத்துப் பாளையக்காரருக்காக அருந்ததியரும் பள்ளரும் உயிர் கொடுத்தார்கள் என்பதை இந்தக் கதைகள் மறக்கவில்லை.

கோட்டை விழுந்தது

அதுவரை கும்பெனியாருக்குப் பிரெஞ்சுக்காரர்களோடும் சண்டை இருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. இனி ஆளுக்கும் பீரங்கிக்கும் குறைவில்லை. அதே ஆண்டு மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் யூசுப்கான் பிடித்தார். பூலித்தேவன் தப்பிப் போனார்.

ஆனால் யூசுப்கானின் கதி என்ன? அவரே கும்பெனியாரை எதிர்த்து நின்றார். 1764-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அதன் பிறகு பூலித்தேவன் திரும்பி வந்தார். மறுபடியும் கப்பம் நின்றது!

1767 மே மாதம் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினான். பீரங்கி ஓட்டை போட்டது. குண்டு மழைக்கு நடுவே உள்ளே இருந்தவர்கள் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓலைக் கட்டோடு வந்து நின்றான். இவர்களுடைய தைரியத்தைக் காம்பெலே வியந்து மேலிடத்துக்கு எழுதினான். கடைசியில் ஒரு நாள் இரவு பெருமழை பெய்தது. இருட்டில் அவர்கள் கோட்டையை விட்டு வெளியேறிவிட்டார்கள். காம்பெலுக்கு மிஞ்சியது காலிக் கோட்டை.

அதற்குப் பிறகும் பாளையங்கள் அடங்கவில்லை. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-ல். பாஞ்சாலங்குறிச்சி கடைசியாக விழுந்தது 1801-ல். ஹெரான் வந்த நாளிலிருந்து எண்ணினால் 46 ஆண்டு!

பூலித்தேவன் என்ன ஆனார்? கும்பெனியார் பிடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஊரார் அதை ஒப்புக்கொள்வதில்லை. கைதாகிப் போகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டாராம். உள்ளே போனார். கைவிலங்கு தானாகக் கழன்றது. ஜோதியில் மறைந்துவிட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் மறைந்ததாகச் சொல்லும் இடத்தை அந்தக் கோவிலில் இன்றும் காட்டுகிறார்கள்.