நாவலர் துறந்த உத்தியோகம்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரை முதிர்ந்த பேராசானாகவே எண்ணிப் பழகிவிட்டோம். கல்லூரியை விட்டு உத்தியோகந் தேடும் எம்மைக் கவர்வதோ அவரது இருபத்தைந்தாம் பிராயமே.

1822 இல் நல்லூரிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவினார். ஆங்கிலமறிந்த இளைஞனுக்கு அந்நாளில் இதனினும் நிலையான தொழில் அரிது.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறுவருடம் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டே மிஷன் வேலையையும் விட்டார். மாதச் சம்பளம் நின்றது. வித்தியாசாலையோ ஊரவர் உதவியையே நம்பியிருந்தது. இல்லறத்தையும் அவர் நாடவில்லை.

மிஷன் பாடசாலையிற் படித்த எம்மனோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிரிமாரிடம் பெற்ற ஊதியத்தை விட்டாரேயன்றி, அவர்களிடங் கண்ட முறைகளை அவர் விடவில்லை. வகுப்புப் பிரிவு, வாராந்தப் பிரசங்கம், அச்சுப் புத்தகம் யாவும் சைவத்துக்கு உதவின. பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டுமே! 1849 இல் தமிழகஞ் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டம் வழங்கியது அப்பயணத்திலேதான். திரும்புகையில் அவர் கொண்டுவந்தது ஓர் அச்சியந்திரம்.