சவப்பெட்டி வாங்கிவிட்டு மனு எழுதியவர்

தோட்டப்புறத் தோழர்களே! டவுன் கோப்பிக் கடைகளில் நாம் பார்த்துப் பழகிய ஹைனான் சீனர்களைத் தெரியுமல்லவா? அவர்களுடைய பூர்வீகத் தீவிலே 1514-ல் பிறந்தவர் ஹாய் ரூய். சின்ன வயசிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். தாய்தான் பாடுபட்டு வளர்த்து, கன்பூசியஸ் நூல்களையும் கற்றுக் கொடுத்தார். அரசனுக்கு விசுவாசம் என்றால், அவன் தவறும்போது எடுத்துச் சொல்வதும்தான் என்பது அந்தப் போதனை.

முதலில் பள்ளி வாத்தியார் வேலை. மேலதிகாரி பார்வையிட வந்தபோது கூட இருந்த இருவரும் மண்டியிட்டார்கள். நடுவில் இவர் மட்டும் நிமிர்ந்து நின்றார். பள்ளிக்கூடம் படிப்புச் சொல்லித்தரும் இடம், காலில் விழும் இடமல்ல என்பது அவர் கட்சி.

1558-ல் சுன்ஆன் மாவட்ட அதிகாரியானார். நிலத்தை அளந்து ஏழைகளின் வரிச்சுமையைக் குறைத்தார். தமக்கு வேண்டிய காய்கறியைச் சொந்தமாகவே பயிரிடச் செய்தார். தாயின் பிறந்தநாளுக்கு இரண்டு காட்டி இறைச்சி வாங்கியது ஊருக்கே செய்தியாகிவிட்டதாம்!

அப்போது ஆண்ட ஜியாஜிங் பேரரசர் சாகாவரம் தேடி, இருபது வருஷத்துக்கு மேல் சபைக்கே வராமல் பூசையில் மூழ்கிக் கிடந்தார். 1566-ல் ஹாய் ரூய் ஒரு சவப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, மனைவியிடம் விடைபெற்று, பேரரசரின் குற்றங்களை வரிசையாக எழுதி நீட்டினார். கிடைத்தது சிறை. 1567 ஜனவரியில் பேரரசர் இறந்ததும் சிறை அதிகாரி விருந்து வைத்தார். மரண தண்டனைக்கு முன் போடும் சோறு என்றெண்ணி ஹாய் ரூய் நிம்மதியாகச் சாப்பிட்டார். மரணச் செய்தி கேட்டதும் தின்றதெல்லாம் வாந்தியெடுத்து, விடிய விடிய அழுதார். அதுதாங்க விசுவாசம்!

1569-ல் சூச்சோ பகுதிக்கு ஆளுநரானார். ஏழைகளிடம் பிடுங்கிய நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி பெரும் நிலக்காரர்களை நெருக்கினார். தம்மைக் காப்பாற்ற முன்பு உதவிய மாஜி மந்திரி சூ ஜியேவின் குடும்பத்தையும் விடவில்லை. பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஓராண்டு முடியுமுன்னே பதவி போயிற்று. ஏழைகள் தெருவில் நின்று அழுதார்கள். அதோடு சரி.

பதினைந்து ஆண்டு ஊரில் முடங்கியவரை 1585-ல் மறுபடி அழைத்தார்கள். 1587-ல் நான்ஜிங்கில் காலமானார். அடக்கம் செய்யப் பணமில்லை. கூட இருந்த அதிகாரி ஒருவர் காசு திரட்டினார். சவம் ஏற்றிய படகு போனபோது இரு கரையிலும் மக்கள் வெள்ளை உடுத்தி அழுதார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். இரண்டு தடவை அழுத அந்த மக்களுக்கு ஒன்றுகூடி நிற்க அன்று சங்கம் இல்லை. நமக்கு உண்டு. நமக்காகப் பேச நேர்மையான ஆள் எழும்போது, சவப்பெட்டிக்குப் பின்னால் போவதற்கு முன்னே, அவருக்குப் பின்னால் நிற்போம்!