இசைத்தட்டில் எழுந்த பெயர்: லூயி ஆம்ஸ்ட்ராங்

ஒரு மனிதனின் தகுதியை அவன் பிறந்த தெருவைக் கொண்டு அளக்கும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். அமெரிக்க நாட்டிலும் அத்தகைய வழக்கம் வேரூன்றியிருந்தது. அங்கே தோலின் நிறமே அளவுகோலாயிற்று. அந்த அளவுகோலைத் தம் பித்தளைக் குழலின் ஒலியால் பொய்யாக்கியவர் லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் ஜாஸ் இசைமேதை. நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய அப்பெருமகனின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக வரைகின்றோம்.

இளமை

லூயி 1901ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தாம் 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே அவர் கூறிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின், 1980களில், தேவாலயத்துத் திருமுழுக்குப் பதிவேட்டில் தேடிய பிறகே உண்மையான நாள் புலப்பட்டது. ஏழை வீட்டுப் பிறப்பைக் குறித்து வைக்க யாருக்கு அக்கறை?

தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். சில ஆண்டுகள் பாட்டியின் அரவணைப்பிலும், பின்னர்த் தாயிடத்திலும் சிறுவன் வளர்ந்தான். கார்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரின் வண்டியில் ஏறிப் பழம்பொருள் சேர்த்தும் நிலக்கரி விற்றும் பொருளீட்டினான். அக்குடும்பத்தார் காட்டிய பரிவினை அவர் தம் இறுதிக்காலம் வரை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது, கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவன் கைது செய்யப்பட்டான். மறுநாளே கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவன் கையில் கார்னெட் என்னும் ஊதுகுழலைக் கொடுத்து முறையாகப் பயிற்றுவித்தார். அண்ணல் அம்பேத்கர் உயர்கல்வி நாடி நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்ததும் அதே 1913ஆம் ஆண்டில்தான். ஒருவர் பல்கலைக்கழகத்திலும் மற்றொருவர் சீர்திருத்த இல்லத்திலுமாக, ஒரே நாட்டில் ஒரே காலத்தில் கல்வியைப் பற்றிக்கொண்டனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

குழலும் தட்டும்

1914ஆம் ஆண்டு விடுதலை பெற்ற லூயி, பகலில் நிலக்கரி வண்டி ஓட்டி, இரவில் குழல் ஊதினார். ஜோ ஆலிவர் என்னும் மூத்த கலைஞர் அவருக்கு ஆசானாக அமைந்தார். பின்னர் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் ஃபேட் மாரபிள் குழுவில் வாசித்து, இசைக்குறிகளைப் படிக்கும் திறனையும் வளர்த்துக்கொண்டார். 1922ஆம் ஆண்டு ஆலிவர் அழைக்க, சிகாகோ சென்றார்.

1923ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆலிவர் குழுவினர் இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜென்னெட் நிறுவனத்திற்காக இசைத்தட்டுப் பதிவு செய்தனர். அங்கே ஒலிவாங்கி இல்லை. அகன்ற கூம்பு ஒன்றின் முன் நின்று வாசிக்க வேண்டும். லூயியின் குழலோசை மற்றவர் ஓசையை அமிழ்த்திவிட்டதால் அவரை வெகுதூரம் பின்னால் நிறுத்தினர் என்று, அக்குழுவில் பியானோ வாசித்தவரும் பின்னர் லூயியை மணந்தவருமான லில் ஹார்டின் கூறியுள்ளார். பின்னால் நிறுத்தியும் அவ்வோசை மறையவில்லை. தட்டின் முகப்பில் மட்டும் அவர் பெயர் இல்லை.

1925ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஓகே நிறுவனத்திற்காக லூயி தம் சொந்தக் குழுவுடன் பதிவைத் தொடங்கினார். அதுவே ஹாட் ஃபைவ் என்னும் ஐவர் குழு. பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கென்றே கூடிய குழு அது. ஆகவே அதன் புகழ் மேடையால் பரவியதன்று, தட்டால் பரவியது. கறுப்பினத்தார்க்கெனத் தனி வரிசையில் வெளியிடப்பட்ட அத்தட்டுகள் அவர்தம் குடியிருப்புகளில் விற்கப்பட்டன. பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் அத்தட்டுகளில்தான், கூட்டிசையாக இருந்த ஜாஸ், தனிக்கலைஞனின் கற்பனைக்கும் இடந்தரும் கலையாக மாறியது. 1928ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ அதற்குச் சிறந்த சான்றாகும்.

கேட்டவர் செய்த தொண்டு

இத்தட்டுகள் கடல் கடந்தன. 1932ஆம் ஆண்டு பாரிசு நகரில் ஹாட் கிளப் என்னும் அமைப்புத் தோன்றியது. இங்கிலாந்திலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. அன்பர்கள் தத்தம் தட்டுகளைக் கொணர்ந்து, கூடியிருந்து கேட்டு, குழல் ஊதியவர் யார், பியானோ வாசித்தவர் யார் என வாதிட்டனர். குழுவினர் அனைவர் பெயரையும் தட்டில் அச்சிடும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எனவே காதால் கேட்டே கலைஞரை இனங்காண வேண்டியிருந்தது. ஷார்ல் டெலோனே என்னும் பிரெஞ்சுக்காரர் இத்தகைய செய்திகளைத் தொகுத்து, எந்தத் தட்டில் யார் வாசித்தார் என்னும் அட்டவணையை 1936ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வணிகர் எழுதாமல் விட்ட பெயர்களைக் கேட்டவர்கள் எழுதினர்.

அமெரிக்காவில் ஜார்ஜ் அவாக்கியன் என்னும் யேல் பல்கலைக்கழக மாணவர், கடைகளில் கிடைக்காது போன லூயியின் பழைய பதிவுகளை மீண்டும் வெளியிடக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற்குத் துணைபுரிந்தார். 1940ஆம் ஆண்டு முதல் அவை ஆல்பங்களாக வந்தன. பல தட்டுகளை உறைகளில் இட்டு நூல்போலக் கட்டியதற்கே அந்நாளில் ஆல்பம் என்று பெயர். அதுவரை வெளிவராது கிடந்த பதிவுகளையும் அவர் கண்டெடுத்தார்.

அவமதிப்பும் அஞ்சாமையும்

1931ஆம் ஆண்டு லூயி புகழோடு நியூ ஆர்லியன்ஸ் திரும்பினார். வெள்ளையர்க்கு மட்டுமேயான அரங்கில் வாசித்தபோது, கறுப்பினத்தவர் ஒருவரை அறிமுகம் செய்ய வானொலி அறிவிப்பாளர் மறுத்தார். லூயி தாமே தம்மை அறிமுகம் செய்துகொண்டு வாசித்தார். உள்ளே நுழைய உரிமையற்ற அவர்தம் மக்கள் வெளியே திரண்டு நின்று கேட்டனர்.

மேடையில் எப்போதும் சிரித்த முகத்தோடு தோன்றியதால், வெள்ளையரை மகிழ்விப்பவர் என்று அவர்தம் இனத்து இளைஞரே அவரைப் பழித்ததுண்டு. அப்பழியை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் செயல்களையும் உடன் வைத்தே எடைபோட வேண்டும். 1956ஆம் ஆண்டு லூசியானா மாநிலம் இரு இனத்தாரும் சேர்ந்து வாசிப்பதைத் தடைசெய்தது. இரு இனக் கலைஞரும் கலந்த குழுவை நடத்திய லூயி, 1965ஆம் ஆண்டு வரை பிறந்த ஊரில் வாசிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மரை நுழையவிடாது ஆளுநர் படையை நிறுத்தினார். அப்போது குடியரசுத் தலைவர் ஐசனோவரின் துணிவின்மையை லூயி வெளிப்படையாகக் கண்டித்தார். அரசின் சார்பில் சோவியத் நாடு செல்லவும் மறுத்தார். அவர்தம் தட்டுகளை மிசிசிப்பி மாநிலத்து வானொலி நிலையம் ஒன்று எறிந்துவிட்டது. அவர் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பள்ளிக்கூட வாயிலில் நின்ற பிள்ளைகளுக்காகத் தம் தொழிலையே பணயம் வைத்தவர் அவர்.

வீட்டில் ஒரு கருவூலம்

1943ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் தெருவொன்றில், எளிய வீட்டில் மனைவி லூசிலுடன் வாழ்ந்தார். மாளிகை தேடிப் போகவில்லை. அவரும் ஓர் இசைத்தட்டு அன்பரே. இளமையிலேயே இத்தாலியப் பாடகர் கரூசோவின் தட்டுகளை விரும்பிக் கேட்டவர். பிற்காலத்தில் தாம் விரும்பிய தட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து, எண்ணிட்டு, உள்ளடக்கத்தைத் தம் கையால் எழுதி, பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டி அழகுபடுத்தினார். அறுநூறுக்கும் மேற்பட்ட நாடாக்கள் இவ்வாறு சேர்ந்தன. நண்பரோடு அளவளாவிய பேச்சும் அவற்றுள் உண்டு. தம் வரலாற்றைப் பிறர் எழுதட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

1971ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் அவ்வீட்டிலேயே உறக்கத்தில் உயிர் நீத்தார். 2003ஆம் ஆண்டு அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இளைஞர்களே! பெயரின்றிப் பின்னால் நிறுத்தப்பட்டவரின் பெயரை உலகறியச் செய்தவை இரண்டு: அவருடைய அயரா உழைப்பு, கேட்டவர்கள் காட்டிய அக்கறை. நம் ஊர்களிலும் பாடியும் இசைத்தும் மறைந்த முதியோர் எத்தனையோ பேர். அவர்தம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இன்றிருப்போரையேனும் அணுகி, அவர் பாட்டைக் கேளுங்கள், பதிவு செய்யுங்கள், அருகில் அவர் பெயரையும், ஊரையும், நாளையும் தவறாது எழுதுங்கள். எழுத்தறிவு பெற்ற தலைமுறை, எழுதப்படாமற்போன தலைமுறைக்குச் செலுத்த வேண்டிய கடன் இது.